நேரம் அறிந்து திறக்கும் கதவு

வீட்டுக்குக் காவல் கதவு. கதவுக்குக் காவல் பூட்டு. எவரை உள்ளே விடுவது, எவரைத் தடுப்பது என்பதை நெடுங்காலமாகத் தீர்மானித்தவர் திறவுகோலை வைத்திருந்தவரே. அவரையே அச்சுறுத்திக் கதவைத் திறக்கச் செய்தால் என்னாகும்? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வங்கிகள் இச்சிக்கலை எதிர்கொண்டன. கொள்ளையர் வங்கி அலுவலரின் வீட்டுக்கே சென்று, அவரை மிரட்டி அழைத்துவந்து பெட்டகத்தைத் திறக்கச் செய்தனர். இதற்குத் தீர்வாக, ஜேம்ஸ் சார்ஜென்ட் என்பவர் 1873ஆம் ஆண்டில் கடிகாரத்துடன் இணைந்த பூட்டை உருவாக்கினார். குறித்த நேரம் வரும்வரை அலுவலராலும் அதனைத் திறக்க இயலாது.

இக்கருத்தின் வளர்ச்சியை இன்றைய மின்னணுக் கதவுகளில் காணலாம். அட்டையையோ விரல்ரேகையையோ படிக்கும் கருவி, ஆணையிடும் கட்டுப்பாட்டுக் கருவி, ஆணையை நிறைவேற்றும் மின்பூட்டு ஆகிய மூன்றும் இதன் உறுப்புகள். கட்டுப்பாட்டுக் கருவியில் கடிகாரமும் கால அட்டவணையும் பதிந்திருக்கும்.

ஒரு கல்லூரி நூலகத்தை எடுத்துக்கொள்வோம். வேலைநாள்களில் காலை 9 மணிமுதல் மாலை 5 மணிவரை கதவு அனைவருக்கும் திறந்திருக்கும். பிற நேரங்களில் உரிய அட்டை உடையவருக்கு மட்டுமே திறக்கும். இவ்வளவு எளிய அட்டவணைக்கும் மேற்பார்வை தேவை. பொங்கல் விடுமுறையைக் கருவி தானாக அறியாது. விடுமுறைப் பட்டியலைப் பதியாவிட்டால், ஆளில்லா நூலகம் நாள் முழுவதும் திறந்தே கிடக்கும். கனமழையால் திடீரென விடுமுறை அறிவிக்கப்படும் நாளிலும் இதே நிலைதான். எனவே, பணியாளர் ஒருவர் தம் அட்டையைக் காட்டி உள்ளே வந்த பின்னரே பொதுமக்களுக்குக் கதவு திறக்குமாறு விதி அமைப்பர். கடிகாரம் பிழையானால் அட்டவணை முழுவதும் பிழையாகும் என்பதால், அதன் நேரத்தையும் அவ்வப்போது சரிபார்ப்பர்.

மின்சாரம் தடைபட்டால் கதவு என்ன செய்யும்? மின்காந்தப் பூட்டு பிடியை விட்டுவிடும், கதவு திறந்துகொள்ளும். வேறு சில மின்பூட்டுகள் வெளிப்புறம் பூட்டியபடியே இருக்கும்; உள்ளிருப்பவர் கைப்பிடியைத் திருப்பி வெளியேறலாம். இடத்தின் தேவைக்கேற்ப இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதனைத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளிருப்பவர் வெளியேறும் வழி அடைபடக் கூடாது.

இவ்விதியின் அருமையை 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் உலகுக்கு உணர்த்தியது. அன்று நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. ஒன்பதாம் தளத்தில் படிக்கட்டுக்குச் செல்லும் கதவுகளுள் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. அவ்விபத்தில் 146 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். அதன்பின் அம்மாநிலம் விசாரணைக் குழு அமைத்துத் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றியது.

ஆகவே, தீ எச்சரிக்கை ஒலித்தவுடன் வெளியேறும் வழியிலுள்ள மின்காந்தப் பூட்டுகள் விடுபடுமாறு அமைப்பது இன்றியமையாதது. அவை உரியவாறு விடுபடுகின்றனவா என்பதைக் குறித்த காலத்தில் இயக்கிப் பார்ப்பதும் பொறுப்பாளரின் கடமை. உள்ளே வருவதற்குக் கால வரையறை இருக்கலாம். உயிர்காக்க வெளியேறுவதற்கு எந்த அட்டவணையும் தடையாகக் கூடாது.