பரங்கிமலை எரிமலையா? பசால்ட்டை அடையாளம் காணும் வழி

எட்டாம் வகுப்பில் பாறைகள் பாடம். பெருங்குடியில் கட்டடம் எழாத தெரு ஏது? பள்ளிக்கு அருகில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் ஒரு கைப்பிடி எடுத்துச் சென்றேன். "கறுப்பாக, கனமாக இருக்கிறதல்லவா? எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் இதுதான்" என்றேன்.

ஒரு மாணவன் எழுந்தான். "எங்க தாத்தா பல்லாவரம் குவாரியில கல்லு உடைச்சவரு சார். அங்கயும் இதே கல்லுதானாம். அப்ப பரங்கிமலை எரிமலையா சார்?"

என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று அமர்த்தினேன். அன்று மாலை தேடிப் படித்ததன் சுருக்கம் இது.

எரிமலைப் பாறைகளில் மிகப் பரவலானது பசால்ட். கடல் தளத்தின் பெரும்பகுதி அதனால் ஆனது. 1969இல் அப்பல்லோ 11 நிலவிலிருந்து கொண்டுவந்த கற்களிலும் பசால்ட் இருந்தது. நம் நாட்டில் தக்காணப் பீடபூமியில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அது அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளின் வழியே வழிந்த குழம்பு அது. அஜந்தா, எல்லோரா குகைகள் அந்தப் பாறையில்தான் குடையப்பட்டன.

பசால்ட்டில் சிலிக்கா 45 முதல் 52 விழுக்காடு வரை இருக்கும். பைராக்சின் போன்ற இரும்பு, மக்னீசியம் மிகுந்த கனிமங்களே அதன் கருநிறத்துக்குக் காரணம். தரைக்கு வந்த குழம்பு விரைவில் குளிர்வதால் படிகங்கள் வளர நேரம் கிடைப்பதில்லை. ஆகவே அதன் மணிகள் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானவை. வாயு வெளியேறிய சிறு துளைகளும் சில கற்களில் காணப்படும்.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பது சார்னோக்கைட். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அவர் பெயரையே இப்பாறைக்குச் சூட்டினார். அந்தக் கல் நம் சென்னைப் பகுதியிலிருந்து சென்றதே. ஹாலண்ட் இதைத் தீப்பாறை என்று கருதினார். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது என்று பின்னர் வந்தோர் பலர் விளக்கினர். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். எனவே பரங்கிமலை எரிமலை அன்று.

வகுப்பில் வேறுபடுத்துவது எளிது. கல்லைப் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தை உருப்பெருக்கியால் பார்க்கச் சொல்லுங்கள். (உடைக்கும் வேலை ஆசிரியருடையது, மாணவர்கள் தள்ளி நிற்கட்டும்.) எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்புடன் நீலச் சாம்பல் மணிகள் தனித்தனியாகத் தெரிந்தால் அது சார்னோக்கைட்டாக இருக்கலாம். மணிகளே தெரியாமல் ஒரே சீராக, மங்கலாக இருப்பது பசால்ட்டின் இயல்பு. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

குளிரும் வேகம் மணியின் அளவை மாற்றுவதையும் செய்து காட்டலாம். வெந்நீரில் படிகாரத்தைக் கரையும் மட்டும் கரைத்து இரண்டு டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றைப் பனிக்கட்டி நீரில் வையுங்கள். மற்றொன்றைத் துணியால் சுற்றி அசையாமல் வையுங்கள். முதலாவதில் பொடிப்பொடியாகவும், இரண்டாவதில் மறுநாள் பெரிதாகவும் படிகங்கள் இருக்கும்.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு" என்றே தொடங்கினேன். அந்த மாணவனையே அழைத்து உருப்பெருக்கியைக் கொடுத்தேன். "மணி மணியா தெரியுது சார்" என்றான். இப்போது கல்லைக் கண்டால் என் மாணவர்கள் முதலில் பெயரைக் கேட்பதில்லை, உருப்பெருக்கியைக் கேட்கிறார்கள்.