திறந்திருக்கும் கடைக்குப் 'பூட்டு' போட்டது யார்?

போன வருடம் மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நண்பர், "நீ எப்பவும் சொல்வியே, அந்தக் கொத்து ரொட்டி எங்கே நல்லா இருக்கும்?" என்று கேட்டார். யோசிக்கவே தேவையில்லை. டொராண்டோ ஸ்கார்பரோவில், மார்க்கம் ரோட்டில் ஒரு சின்ன டேக்-அவுட் கடை. திருச்சியில் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு 2016இல் இங்கே வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் என்னைக் காப்பாற்றியதே அந்தக் கடையின் கொத்தும் மட்டன் ரோல்ஸும்தான்.

வழி அனுப்பலாம் என்று கூகுள் மேப்ஸைத் திறந்தேன். கடையின் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் இருந்தது: 'நிரந்தரமாக மூடப்பட்டது.'

மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. மிசிசாகா பக்கம் வீடு மாறிய பிறகு ஒரு வருடமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை. கோவிட் காலத்திலிருந்து எத்தனையோ கடைகள் போய்விட்டன, இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டு நண்பருக்கு வேறொரு கடையைச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக ஸ்கார்பரோ போனேன். பழைய பிளாசாவுக்கு அடுத்த பிளாசாவில் அதே பெயர்ப்பலகை. கதவைத் திறந்தால் உள்ளே டக்கு டக்கு என்று கொத்துப் போடும் சத்தம். கல்லாவில் அதே அக்கா.

"அக்கா, கடையை மூடிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"மூடினதெண்டு ஆர் தம்பி சொன்னது? அங்க வாடகையைக் கூட்டிப்போட்டாங்கள். அதுதான் இஞ்ச மாறி வந்தனாங்கள். எங்கட ஆக்களுக்கெல்லாம் தெரியும்தானே."

போனை நீட்டிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எட்டு மாசமா புது ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. இந்த இடம் ராசியில்லை எண்டு நினைச்சன் தம்பி." கடையை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம்.

ராசியில் ஒரு குறையும் இல்லை. வரைபடத்தில்தான் கடை இல்லை.

'எங்கட ஆக்கள்' மட்டும் போதுமா?

முதல் தலைமுறை இங்கே கடை போட்டபோது, விளம்பரம் என்றால் தமிழ் வானொலி, தடிமனான தமிழ் வர்த்தகக் கையேடு, கோயில் நாள்காட்டி, அதற்கு மேல் வாய்வார்த்தை. அது பொய்க்கவில்லை. அந்த வட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கும் அது போதும்.

ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் வானொலி கேட்பதில்லை. பசித்தால் போனை எடுத்து, ஆங்கிலத்தில், 'பக்கத்தில் கொத்து ரொட்டி' என்று தேடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஜமைக்காக்காரர், குஜராத்திக்காரர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லோரும் அப்படித்தான். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வருடம் சாப்பிட்ட கடை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திரையில் இருந்ததை அப்படியே நம்பிவிட்டேன். நானே நம்பினால், முன்பின் தெரியாதவர் ஏன் நம்ப மாட்டார்?

சாவி யார் கையில்?

இது எப்படி நடந்தது என்று தோண்டிப் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்து, "உங்க கடையை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவாறன்" என்று சொல்லி, மாதம் 150 டாலர் வீதம் ஒரு வருடம் வாங்கியிருக்கிறார். கடையின் பக்கத்தைத் தன்னுடைய மின்னஞ்சல் கணக்கில் திறந்தார். பிறகு ஆளைக் காணோம். போன் நம்பரும் வேலை செய்யவில்லை.

கடை இடம் மாறியதும், காலியாகக் கிடந்த பழைய இடத்தைப் பார்த்த யாரோ ஒருவர் 'மூடிவிட்டார்கள்' என்று கூகுளுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அப்படித் திருத்தம் சொல்ல யாராலும் முடியும். அதைப் பார்த்து 'இல்லை, திறந்துதான் இருக்கிறோம்' என்று சொல்லத்தான் ஆள் இல்லை. கடை அக்காவுடையது, சாவி யாரிடமோ.

மீட்க வழி உண்டு. கடையின் பக்கத்துக்கு உரிமை கேட்டு கூகுளிலேயே விண்ணப்பிக்கலாம். இப்போது கணக்கு வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம் கொடுக்கிறார்கள். எங்களுக்குப் பதில் வரவில்லை. அதன் பிறகு கடை நம்முடையதுதான் என்று வீடியோ எடுத்துக் காட்டச் சொன்னார்கள். தெரு, பெயர்ப்பலகை, அடுப்படி, சாவி போட்டுப் பின்கதவைத் திறப்பது என எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும். முதல் தடவை அக்கா கேமராவைப் பார்த்து "வணக்கம்" என்று பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

புதுப் பக்கம் திறக்கவில்லை. பழைய பக்கத்திலேயே முகவரியை மாற்றினோம். அதனால் பல வருடத்து விமர்சனங்களும் படங்களும் கூடவே வந்துவிட்டன. இடம் மாறும் கடைக்காரர்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். புதிதாக ஒன்றைத் திறந்துவிட்டு, பழையதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கூகுள் என்ன பார்க்கிறது?

உள்ளூர்த் தேடலில் எந்தக் கடையை மேலே காட்டுவது என்பதற்கு மூன்று விஷயங்கள் முக்கியம் என்று கூகுளே வெளிப்படையாகச் சொல்கிறது. பொருத்தம், தூரம், பிரபலம்.

தூரத்தை நாம் மாற்ற முடியாது. தேடுகிறவர் எங்கே நிற்கிறாரோ அதைப் பொறுத்தது. அதனால் 'எல்லா இடத்திலும் முதலிடம்' என்று ஒருவர் உத்தரவாதம் கொடுத்தால், அவர் விற்பது காற்று. பொருத்தம் நம் கையில் இருக்கிறது. அக்கா கடையை அந்த ஆள் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' என்று பதிந்திருந்தார். இட்லி, நான் தேடுகிறவருக்கு அது தேவையில்லை, கொத்து தேடுகிறவருக்கு அது கண்ணில் படாது. 'ஸ்ரீலங்கன் ரெஸ்டாரன்ட்' என்று மாற்றினோம். பிறந்தநாளுக்கும் சாமத்திய வீட்டுக்கும் சாப்பாடு செய்து கொடுப்பதால் 'கேட்டரிங்' வகையையும் சேர்த்தோம்.

அடுத்தது சாப்பாட்டுப் பட்டியல். அக்காவுக்கு அது இடியப்பம். பக்கத்தில் இருக்கும் சிங்களவருக்கும் மற்றவர்களுக்கும் அது 'ஸ்ட்ரிங் ஹாப்பர்ஸ்'. ஆங்கிலத்தில் கொத்துக்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கிறது. நாம் வைத்த பெயரோடு, வாடிக்கையாளர் தேடும் பெயரையும் பட்டியலில் எழுதினோம். அதற்காகக் கடையின் பெயரோடு 'பெஸ்ட் கொத்து ஸ்கார்பரோ' என்றெல்லாம் ஒட்டவைக்கக் கூடாது. பலகையில் இருக்கும் பெயர்தான் பக்கத்திலும் இருக்க வேண்டும். மீறினால் பக்கத்தையே முடக்கிவிடலாம்.

பிரபலம் என்பதில் விமர்சனங்களுக்குப் பங்கு உண்டு. இதைச் சொன்னதும் அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அதுக்கென்ன தம்பி, லண்டன்ல தங்கச்சி இருக்கிறா, பாரிஸ்ல மச்சான் இருக்கிறார், யாழ்ப்பாணத்தில சொந்தம் முழுக்க இருக்கு. எல்லாரும் அஞ்சு ஸ்டார் போடுவினம். இஞ்ச போடுறவைக்கு ஒரு ரோல்ஸ் ஃப்ரீ!"

இரண்டையும் தடுத்தேன். சாப்பிடாதவர் எழுதுவது பொய். எழுதுவதற்குக் கைமாறு கொடுப்பதும் கூகுள் விதிப்படி தவறு. கனடாவில் இது சட்டப் பிரச்சினையும்கூட. ஊழியர்கள், தாங்கள் யார் என்று சொல்லாமல், தங்கள் கம்பெனியின் செயலிகளுக்கு நல்ல விமர்சனம் எழுதிய விவகாரத்தில் 2015இல் பெல் கனடா நிறுவனம் 12.5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. ஒரு ரோல்ஸுக்காக நமக்கு எதற்கு வம்பு? "சாப்பாடு பிடிச்சிருந்தா ரெண்டு வரி எழுதுங்கோ" என்று கேட்பதில் தப்பே இல்லை. அதை மட்டும் செய்தோம்.

'அரைமணி நேரம் காக்க வைத்தார்கள்' என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். அக்காவுக்குக் கோபம். சண்டை போடாமல், 'அன்று கூட்டம் அதிகம், மன்னிக்கவும், போன் பண்ணிவிட்டு வந்தால் தயாராக வைக்கிறோம்' என்று பதில் எழுதினோம். அந்த ஆளுக்காக இல்லை, அடுத்து வாசிக்கப் போகிறவருக்காக.

மொத்தச் செலவு

இரண்டு சனிக்கிழமை மத்தியானம். பணம் எதுவும் இல்லை, இந்தச் சேவை இலவசம். "கூகுளில் இருந்து பேசுகிறோம், காசு கட்டாவிட்டால் கடையை நீக்கிவிடுவோம்" என்று யாராவது போன் பண்ணினால், வைத்துவிடுங்கள். விளம்பரத்துக்குக் காசு கட்டுவது வேறு கதை. வரைபடத்தில் இருப்பதற்குக் கூகுள் காசு கேட்பதில்லை.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. கடை இன்னும் சின்னக் கடைதான். ஆனால் சில வாரங்களிலேயே போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வரும் புது முகங்கள் தெரிய ஆரம்பித்தன. என் பிலிப்பைன்ஸ் நண்பரும் ஒருநாள் வந்து, உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டார். கடையை விற்கும் பேச்சு நின்றது.

இதை வாசிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் அப்பாவோ, மாமியோ, பக்கத்து வீட்டு அங்கிளோ கடை வைத்திருக்கலாம், தையல் வேலை செய்யலாம், வீட்டிலிருந்தே கேக் செய்யலாம். அவர்கள் பெயரை இன்றைக்கே ஒருமுறை தேடிப் பாருங்கள். நம்பர் சரியா, நேரம் சரியா, இடம் சரியா? வீட்டிலிருந்து தொழில் செய்பவர் என்றால் முகவரியை மறைத்து, எந்தெந்தப் பகுதிக்குச் சேவை என்று மட்டும் காட்டவும் வசதி இருக்கிறது. செய்து முடித்ததும் கணக்கை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடை யாருடையதோ அவர் பெயரிலேயே இருக்கட்டும். எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

இந்த ஜனவரியில் அக்கா எனக்குப் போன் பண்ணினார்.

"தம்பி, பொங்கலுக்குக் கடை பூட்டு. அதைக் கூகுளில போடவேணும்."

"நான் போடட்டுமா அக்கா?"

"வேண்டாம் வேண்டாம், மகள் காட்டித் தந்தவள், நானே போட்டுட்டன். சரியா வந்திருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். மறுபடியும் சிவப்பு எழுத்துதான். ஆனால் இந்த முறை அந்த ஒரு நாளுக்கு மட்டும், அதுவும் அக்கா கையாலேயே.