விடிகாலையில் மடங்காத விரல்கள்

நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் பொழுது விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். மொட்டு விரிவதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்பினால்தான் விலை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காம்போடு கிள்ள வேண்டும். ஒரு கிலோ பூவுக்கு ஆயிரக்கணக்கான முறை. முடக்குவாதம் வந்த கைக்கு நாளின் மோசமான நேரமும் அதுதான். எழுந்ததும் விரல் மடங்காது. ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் பிடிப்பு விடாது. வெயில் ஏறியபின் கை சரியாகி என்ன பயன்? அதற்குள் அன்றைய கூலி போய்விடும்.

பூ மட்டுமல்ல. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு அரம் பிடிக்க வேண்டும், சின்னாளபட்டி சுங்குடிக்கு முடிச்சுப் போட வேண்டும். இந்தச் சமவெளியில் விரலை நம்பிய பிழைப்புகள் அதிகம்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே தாக்குவதுதான் முடக்குவாதம். மூட்டின் உட்சவ்வு வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் மெல்ல அரிக்கும். 2019இல் உலகெங்கும் சுமார் 1.8 கோடிப் பேருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள். வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் வேறு. அதில் காலைப் பிடிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதமோ முப்பது, நாற்பது வயதிலேயே வரக்கூடியது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரலின் அடிக்கணுவும் நடுக்கணுவும் வீங்கும். மோதிரம் கழற்ற வராது, சேலைக்கு ஊக்குக் குத்த முடியாது. சோர்வும் ரத்தசோகையும் கூடவே வரும்; நுரையீரலையும் இதயத்தையும்கூட அது விட்டுவைப்பதில்லை.

ஆனால் வலி வந்ததும் யாரும் இதை நினைப்பதில்லை. வாயு என்பார்கள். 2006இல் தமிழ்நாட்டைப் படுத்திய சிக்குன்குனியாவுக்குப் பிறகு, எந்த மூட்டு வலிக்கும் அந்தக் காய்ச்சலின் மிச்சம் என்று சொல்லிவிடுவது சுலபமாகிவிட்டது. அடுத்தது வலி ஊசி, மருந்துக் கடையில் பொட்டலமாகத் தரும் ‘செட் மாத்திரை’. அதில் ஸ்டீராய்டு இருந்தால் மறுநாளே கை லேசாகும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1948இல் மருத்துவர் பிலிப் ஹென்ச் முதன்முதலாக கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, முடங்கிக் கிடந்த இளம்பெண் சில நாளிலேயே எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகள் பிறகுதான் புரிந்தன. முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மாதக்கணக்கில் தின்றுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் அளந்து, குறுகிய காலத்துக்குக் கொடுக்கும்போது அது நல்ல மருந்துதான். கணக்கில்லாமல் தின்னும்போதுதான் வம்பு: வலி அடங்கியிருக்க, மூட்டு அரிபடுவது தெரியாமலே போகும். தொடங்கிய சில மாதங்களுக்குள் சரியான மருந்து சேர்ந்தால் அந்த அரிப்பைப் பெருமளவு தடுக்கலாம். அந்த மாதங்கள்தான் பொட்டலங்களில் கரைகின்றன.

சரியான மருந்து ஒன்றும் எட்டாத விலையில் இல்லை. மெத்தோட்ரெக்சேட் என்ற அந்த மாத்திரைக்கு நம் பக்கத்து வரலாறும் உண்டு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் நடத்திய குழுதான் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதை எதிர்க்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளும் அங்கேயே பிறந்தன. இன்று மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவருக்குத் துணையாக எழுதித் தருவது அதே ஃபோலிக் அமில மாத்திரையைத்தான்!

இந்த மாத்திரை வாரம் ஒரே நாள்தான். சுகர் மாத்திரை போலத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகலாம். ‘ஞாயிறு மட்டும்’ என்று அட்டையிலேயே பேனாவால் எழுதித் தரும் மருந்தாளுநர் செய்வது பெரிய வைத்தியம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பலரும் அதற்குள் நம்பிக்கை இழந்து பழைய ஊசிக்கே திரும்பிவிடுகிறார்கள். ஈரலையும் ரத்த அணுக்களையும் பார்க்க, தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை வேண்டும். குடிப்பழக்கம் ஆகாது.

அதாவது, இந்த நோயாளிக்கு வேண்டியது ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி திண்டுக்கல்லுக்கு வந்திருக்கிறது. 1955 முதல் ஒட்டன்சத்திரத்தில் கிறித்தவ ஐக்கிய மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் மூட்டுவாதச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க மதுரைக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. போக வர ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி, பரிசோதனைச் செலவு எல்லாம் சேர்ந்தால் மாத்திரை விலை ஒரு பொருட்டே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, இயன்முறைப் பயிற்சியும் தருகிறார்கள். அதே வழியில், சிறப்பு மருத்துவர் ஒருமுறை முடிவுசெய்த மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து, ரத்தத்தையும் அங்கேயே எடுத்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இளம்பெண்களிடம் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். மெத்தோட்ரெக்சேட் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. கருத்தரிக்க நினைத்தால் சில மாதங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்கையில் அந்தப் பெண் இதை வாய்விட்டுக் கேட்கமாட்டாள். மாத்திரை எழுதும்போதே மருத்துவர்தான் தனியாக அழைத்து விசாரிக்க வேண்டும்.