“வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆண்டுதோறும் விடியுமுன்னே கிளம்பிவிடும் அப்பத்தா, இந்தச் சித்திரையில் “நீங்க போய்ட்டு வாங்க” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மந்தையில் நாலு பேரோடு பேசாமல் பொழுது போகாத தாத்தா வாசலைத் தாண்டுவதில்லை. வீட்டில் உள்ளவர்கள் “வயசானா அப்படித்தான்” என்கிறார்கள். மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலும் முதியோரின் மனச்சோர்வு இந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது. மனச்சோர்வு ஒரு நோய். எந்த வயதிலும் அதற்குச் சிகிச்சை உண்டு.

உடம்பு வழியாகப் பேசும் மனம்

“கவலையாக இருக்கிறது” என்று முதியவர்கள் சொல்வது அபூர்வம். “வாய்க்கு ருசியில்ல”, “தூக்கம் பிடிக்கல”, “நெஞ்சு படபடங்குது”, “உடம்பெல்லாம் அசதி” என்பார்கள். பரிசோதனைகளில் பெரிதாக எதுவும் தெரியாது. வலி மாத்திரை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அதிகாலையிலேயே விழிப்பது, எடை குறைவது, எரிச்சல், பிடித்தவற்றில் நாட்டமின்மை, “நான் எல்லாருக்கும் பாரம்” என்ற பேச்சு ஆகியவற்றில் சில சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எதனால் வருகிறது?

துணையின் மறைவு, சென்னைக்கோ திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போன பிள்ளைகள், கைவிட்டுப்போன வருமானம் ஆகியவை மனதை அழுத்தும். பக்கவாதம், மாரடைப்பு, நடுக்குவாதம், நாள்பட்ட சர்க்கரை நோய் போன்றவற்றோடும் மனச்சோர்வு வரும். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, பி12 குறைவு ஆகியவை மனச்சோர்வு போலவே தோன்றலாம். அதனால் இரத்தப் பரிசோதனை அவசியம். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மறதி நோயா, மனச்சோர்வா?

மனச்சோர்வில் கவனம் சிதறுவதால் மறதியும் வரும். மனச்சோர்வு உள்ளவர்கள் பெரும்பாலும் “எனக்கு எதுவுமே ஞாபகம் இருக்கறதில்ல” என்று தாங்களே குறைப்படுவார்கள். மறதி நோயாளிகள் பலர் மறதியை ஒத்துக்கொள்ளாமல் சமாளிப்பார்கள். இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் முடிவை மருத்துவரிடம் விடுங்கள்.

எங்கே காட்டலாம்?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கும். 1992-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இந்நகரில் மனநலப் பணி செய்துவருகிறது. மனச்சோர்வு மாத்திரைகள் முதியோருக்குக் குறைந்த அளவில் தொடங்கப்படும். பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். இவை அடிமைப்படுத்துவதில்லை, ஆனாலும் தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. சிலருக்கு இரத்தத்தில் சோடியம் குறையலாம். தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

“உனக்கு என்ன குறை?” என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். “சும்மா உட்காரு, நாங்க பாத்துக்கிறோம்” என்பது பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வீட்டில் அவருக்கிருந்த இடத்தை அது பறித்துவிடுகிறது. மல்லி கட்டுவதோ கீரை ஆய்வதோ பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதோ, முடிந்த ஒரு பொறுப்பு அவரிடம் இருக்கட்டும். ஓய்வூதியப் பணம் அவர் கையிலேயே இருக்கட்டும். காலை வெயிலில் நடக்கத் துணைக்குப் போங்கள். பார்வையும் செவியும் மங்கியவர்கள் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுவார்கள். கண்புரை அறுவைக்குப் பெயர்பெற்ற அரவிந்த் கண் மருத்துவமனை 1976 முதல் மதுரையிலேயே இருக்கிறது. காதுக்கருவியும் இன்று எளிதாகக் கிடைக்கிறது.

தாமதிக்கக் கூடாத நேரம்

“சீக்கிரம் போய்ச் சேர்ந்தா தேவல” என்ற பேச்சைப் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; மனம் திறக்கவே வழி கிடைக்கும். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். முதியோர் உதவி எண் 14567. இரண்டையும் இன்றே வீட்டிலுள்ள எல்லோருடைய கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.