குண்டு விழுந்த ஊர்களும் குறி இழந்த துப்பாக்கியும்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் 1690-ஆம் ஆண்டு பீரங்கி முழங்கியது. ஆளைக் கொல்வதற்காக அல்ல, நிலம் அளப்பதற்காக!

அங்கிருந்த கோட்டையைக் கும்பினியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து சுடும் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அதுவரை உள்ள நிலமெல்லாம் கும்பினிக்கே என்பது பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள். எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் ஏற்பட்டது. செயிண்ட் டேவிட் கோட்டையின் கதை இது.

அந்தப் பீரங்கிக்குக் குறி தேவைப்படவில்லை. தூரம் போனால் போதும். தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கி அப்படி அல்ல. அதன் முனையில் நெல்மணி அளவு இருக்கும் சிறு குறி விழுந்துவிட்டால், குண்டு எங்கே போகும் என்று சுடுகிறவருக்கே தெரியாது.

வாய்வழி மருந்து

1781 ஜூன் மாதம் அயர்கூட், சிதம்பரம் கோயிலில் இருந்த ஐதர் அலியின் படையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1-ந் தேதி பரங்கிப்பேட்டையில் ஐதரை வென்றார். அந்தப் போர்களில் முழங்கியவை குழாயின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கிகளே. கும்பினிச் சிப்பாயின் துப்பாக்கியில் பின்குறி கிடையாது. சனியன் மாட்டுவதற்காக முனையில் வைத்த கட்டியே முன்குறி! அணிவகுத்து வரும் கூட்டத்தைச் சுட அது போதுமானதாக இருந்தது.

பிறகு ரைபிள் வந்தது. குழாயின் உள்ளே சுருள் வரிகள். அவை குண்டைச் சுழலவிட்டு நேராகச் செலுத்தும். தூரத்துக்கு ஏற்ப உயர்த்தக்கூடிய பின்குறியும் 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிளில் இருந்தது. இதன் தோட்டாதான் 1857-ல் சிப்பாய்களின் கோபத்தைக் கிளறியது. அதற்குப் பின் வெள்ளையர் உஷாரானார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858 மாதிரித் துப்பாக்கி வந்தது. உள்ளே வரி இல்லை. உயர்த்தும் பின்குறியும் இல்லை!

ஆகவே பழைய துப்பாக்கியைச் செப்பனிடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: குறி தொலைந்ததா, தொடக்கத்திலேயே இல்லையா? குழாயின் மேல் காடியோ பற்றவைத்த தழும்போ இருந்தால், குறி இருந்து தொலைந்தது என்று அறியலாம்.

முதலில் குழாயைப் பார்!

குறியைத் தேடுமுன் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். பரணில் பல ஆண்டு கிடந்த துப்பாக்கிக்குள் மருந்து கெட்டித்தபடியே இருக்கலாம். கருமருந்து வயதாவதால் மட்டும் வீரியம் இழப்பதில்லை. கம்பியை அடிவரை விட்டு, வாயருகே அடையாளம் இட வேண்டும். பிறகு அதே கம்பியைக் குழாயின் வெளியே வைத்துப் பார்த்தால், நுனி அடிக்கட்டு வரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது! அதைத் தொடுவது தேர்ந்த தொழிலாளியின் வேலை. துரு குழிகுழியாக அரித்த குழாய் என்றால், அது சுடுவதற்கு உதவாது.

அரத்தின் கணக்கு

முன்குறி உயரமானால் குண்டு தாழும், குட்டையானால் ஏறும். அதனால் புதுக்குறியைச் சற்று உயரமாகவே பொருத்துவார்கள். காகிதத்தில் சுட்டுப் பார்த்து, இம்மி இம்மியாக அராவுவார்கள். அராவியதை மீண்டும் ஒட்டவைக்க முடியாதே!

குண்டு இடப்பக்கம் போனால் பின்குறியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். முன்குறிக்கு இதே கணக்கு நேர்மாறு. இரண்டு குறிகளுக்கும் இடையே 75 சென்டிமீட்டர் என்று கொண்டால், 1 மில்லிமீட்டர் பிசகு 50 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 67 மில்லிமீட்டர் ஆகிவிடும். காடியை ஆழமாக வெட்டினாலோ குழாயே பலவீனப்பட்டுப் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த வேலையை ஊர்க் கொல்லுப்பட்டறையில் முடித்துக்கொள்ள முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர அதே சட்டம் இடம் தருகிறது. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், லைசென்ஸ் இருப்பதாலேயே நினைத்த விலங்கைச் சுட்டுவிட முடியாது. நாட்டுத் துப்பாக்கியுடன் வேட்டையாடிப் பிழைத்த நரிக்குறவர்களின் பழந்தொழிலும் அத்தோடு முடங்கிற்று.

சரித்திர மதிப்புள்ள துப்பாக்கி என்றால், அரத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. அதன் தழும்புகளே அதன் சரித்திரம். மெருகேற்றி அழித்துவிட்டால் பிறகு எந்தக் கம்மியராலும் மீட்டுத் தர முடியாது.

வயலில் சுடப் போகும் துப்பாக்கியின் கதை வேறு. பன்றிக்கு அப்பால் வரப்பில் ஆள் நிற்கலாம். அங்கே நெல்மணி அளவு உலோகம் சரியாக இருக்கிறதா என்பது ஓர் உயிரின் கணக்கு!