‘டேட்டா போனால் கடை பொறுப்பல்ல’: கணினியில் ஓஎஸ் மாற்றும் முன் படிக்க வேண்டியது

கணினி பழுது பார்க்கும் கடைகள் பலவற்றின் ரசீதில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘டேட்டா இழப்புக்குக் கடை பொறுப்பல்ல’. கணினியைக் கொடுக்கும்போது அந்த வரி யார் கண்ணிலும் படுவதில்லை. திரும்ப வாங்கி வந்து, பேத்தியின் காதுகுத்துப் படங்களையும் மூன்று வருடக் கணக்கையும் தேடியும் கிடைக்காதபோதுதான் படுகிறது. விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறுவோர் பெருகியிருக்கும் இந்த நேரத்தில், அந்த வரி நம்மை எந்த அளவு கட்டுப்படுத்தும், அது தேவைப்படாமலே பார்த்துக்கொள்வது எப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது.

எதனால் இந்த அவசரம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 14.10.2025 அன்று நிறுத்திவிட்டது. அதனால் கணினி ஓடாமல் போகாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் மட்டும் வராது. அது சின்ன விஷயமல்ல. 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வானாக்ரை என்ற தீநிரல், அப்டேட் போடாத விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்துதான் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது.

விண்டோஸ் 11 எல்லாக் கணினியிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி, இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் காலத்து மடிக்கணினிகள் எதுவும் இந்தத் தகுதியை எட்டாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்றித் தரும் கடைகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை. பின்னால் அப்டேட் நின்றால் கேட்க முடியாது.

அவசரப்படவும் தேவையில்லை. விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பு வைத்திருக்கும் வீட்டுப் பயனர்கள் 13.10.2026 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெறும் திட்டம் ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் கட்டணமில்லை. இல்லையென்றால் 30 டாலர் அல்லது அதற்கு இணையான ரூபாய். அந்த அவகாசத்தில் நிதானமாக நகல் எடுக்கலாம்.

எங்கே தொலைகிறது?

திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காடு, திருத்தணி, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் கணினி என்றால் ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், போட்டோ ஸ்டூடியோ, விசைத்தறிக் கணக்கு, கல்லூரிப் பிள்ளைகளின் மடிக்கணினி என்று போகும். இழப்பு ஏற்படும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றேதான்.

முதலாவது, சி டிரைவ். “சி-ல முக்கியமா எதுவும் இருக்கா சார்?” என்று கடைக்காரர் கேட்பார். “எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு” என்று நம்பிக்கையோடு சொல்வோம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக சி டிரைவுக்குள்ளேயே இருப்பவை. ஃபார்மட் அடித்தால் மூன்றும் போகும்.

இரண்டாவது, ஒன்டிரைவ். விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவை ஒன்டிரைவுக்குள் இடம் மாறக்கூடும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. அது நிரம்பியதும் ஒத்திசைவு நின்றுவிடும். அதன்பின் சேமித்தவை கணினியில் மட்டுமே இருக்கும். கோப்பின் பக்கத்தில் மேகச் சின்னம் மட்டும் தெரிந்தால் அது உங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே இல்லை. இணையம் இருந்தால்தான் திறக்கும். ஒத்திசைவு நகலாகாது என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒன்டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் தேடலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது, பூட்டு. 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் டிரைவ் தானாகவே மறையாக்கம் ஆகிவிடும். மதர்போர்டு மாற்றினாலோ சில வேளை பயாஸ் அப்டேட் போட்டாலோ 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்தச் சாவி, நிறுவியபோது எந்த மின்னஞ்சல் கணக்கு இடப்பட்டதோ அந்தக் கணக்கில் இருக்கும். வேலை முடியட்டும் என்று கடைக்காரர் தன் கணக்கையே இட்டிருந்தால் வீடு உங்களுடையது, சாவி அவருடையது. தொலைந்த சாவியை மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது.

நான்காவது, பத்து நாள் கெடு. ஃபார்மட் செய்யாமல் அப்கிரேடு செய்தால் பழைய விண்டோஸ் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறையில் 10 நாள் இருக்கும். அதற்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். கெடு தாண்டினால் கணினி அதைத் தானே அழித்துவிடும். இடம் பிடிக்கிறது என்று டிஸ்க் கிளீனப் ஓட்டினால் அதற்கு முன்பே போய்விடும்.

ஐந்தாவது, விண்டோஸ் தரும் பேக்கப் வசதிகள். ‘விண்டோஸ் பேக்கப்’ என்ற செயலி கோப்புகளை ஒன்டிரைவுக்கே அனுப்பும். வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வைக்காது. நிறுவியிருந்த மென்பொருள்களின் பட்டியலை நினைவில் வைக்குமே தவிர மென்பொருளைத் திரும்பத் தராது. கணக்கு மென்பொருளான டாலி பிரைம் தன் தரவை வழக்கமாக ‘பப்ளிக்’ என்ற கோப்புறைக்குள் வைக்கும். ஒன்டிரைவ் அந்தப் பக்கமே போகாது. ‘பேக்கப் முடிந்தது’ என்று திரை சொன்னாலும் ஒரு வருட ஜிஎஸ்டி கணக்கு அதில் இருக்காது.

ஆறாவது, தமிழ் எழுத்துரு. அச்சகங்களிலும் டைப்பிங் சென்டர்களிலும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பத்திரங்களும் அழைப்பிதழ்களும் இன்னும் ஏராளம். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டும் இந்தக் கோப்புகள் மாறவில்லை. கோப்பை நகலெடுத்து எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய ஓஎஸ்ஸில் திறக்கும்போது பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துருவை மறுபடி நிறுவினால் சரியாகும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியால் ஒருங்குறிக்கு மாற்றிவைத்தால் இந்தத் தொல்லை ஒரேயடியாக ஒழியும்.

நிறுவனத்தின் அப்டேட்டே கோப்புகளை அழித்ததும் உண்டு. 2018 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு சிலருடைய டாக்குமென்ட்ஸ் கோப்புகளை அழித்தது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, திருத்தி, நவம்பரில் மறுபடி வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் வெளியே தனி நகல் வைத்திருந்தவர்களுக்குக் கவலை இருந்திருக்காது.

நகல் எடுக்கும் முறை

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில்: உலகம் முழுவதும் சொல்லப்படும் 3-2-1 விதி இதுதான். நம் வசதிக்கு இப்படிச் செய்யலாம்.

1. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு ‘2 டிபி பென்டிரைவ்’ என்று இணையத்தில் விற்பவை பெரும்பாலும் போலி. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, நிரம்பியதும் பழைய கோப்புகளைக் கெடுத்துவிடும்.

2. கல்யாண வீடியோ போன்ற 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ‘ஃபாட்32’ முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஏறாது. புதிதாக வாங்கியதும், எதுவும் ஏற்றும் முன், ‘எக்ஸ்ஃபாட்’ முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

3. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், டாலி தரவு, அவுட்லுக் அஞ்சல் கோப்பு, எழுத்துருக்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக நகலெடுங்கள்.

4. இ-சேவை மையம் நடத்துவோர் கைரேகைக் கருவியின் ஆர்டி சர்வீஸ், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர் ஆகியவற்றை எங்கிருந்து மறுபடி நிறுவுவது என்று முன்கூட்டியே குறித்துவையுங்கள்.

5. ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

6. நகல் எடுத்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று எண்ண வேண்டாம். சரிபார்த்தபின் அதைக் கணினியிலேயே செருகி வைக்கவும் கூடாது. கணினிக்குள் வரும் வைரஸ் அதையும் பூட்டும்.

கடையில் கொடுக்கும்போது

வேலை என்ன என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்: ‘அப்கிரேடு மட்டும், ஃபார்மட் கூடாது’ அல்லது ‘டி டிரைவைத் தொடக் கூடாது’ அல்லது ‘டேட்டா எடுத்துக் கொடுத்து, பிறகு ஃபார்மட்’. டேட்டா எடுக்கத் தனிக் கட்டணம் வாங்கினால் அதையும் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். வாரன்டியில் சர்வீஸ் சென்டர் ஹார்டு டிஸ்க்கை மாற்றினால் பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். பல இடங்களில் தருவதில்லை. திரும்ப வாங்கும்போது கடையிலேயே திறந்து பார்த்து, மின்னஞ்சல் கணக்கு உங்களுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள்.

தொலைந்துவிட்டால்

உடனே கணினியை அணைத்துவிடுங்கள். அழிந்த கோப்பு இருந்த இடத்தில் புதிய தரவு எழுதப்பட்டால் மீட்கும் வாய்ப்பு குறையும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துத்தான் தேட வேண்டும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் மீட்க ஓரளவு வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி, அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடும் என்பதால் அதில் வாய்ப்பு மிகக் குறைவு.

சட்டம் என்ன தருகிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி காசு வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பு ஒரு சேவை. ஃபார்மட் கூடாது என்று எழுதியிருந்தும் ஃபார்மட் அடித்தால் அது சேவைக் குறைபாடு. ‘பொறுப்பல்ல’ என்ற அச்சடித்த வரி இருப்பதாலேயே வழக்குத் தொடரும் உரிமை பறிபோகாது. கடை கவனக்குறைவாக இருந்ததா என்பதை நுகர்வோர் ஆணையம்தான் முடிவு செய்யும். ரசீது தர மறுப்பதும், நம்பிக்கையில் கொடுத்த தனிப்பட்ட தகவலை வெளியிடுவதும் அந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைகள். இலவசமாகச் செய்த உதவிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோரே. ஆகவே ஜெராக்ஸ் கடைக்காரரும் ஸ்டூடியோக்காரரும் புகார் தரலாம்.

முதலில் கடைக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மேல் திருவள்ளூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை; இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனுச் செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும்.

ஆந்திர எல்லைப் பகுதி மக்களுக்கு முக்கியமான செய்தி: நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை ஆந்திராவின் நகரியிலோ புத்தூரிலோ சென்னை ரிச்சி தெருவிலோ இருந்தாலும் திருவாலங்காட்டுக்காரர் திருவள்ளூரிலேயே மனுக் கொடுக்க முடியும்.

கடைக்காரர் உங்கள் படங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுத்தாலோ பரப்பினாலோ அது வேறு கதை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66, 72ஏ பிரிவுகளின்கீழ் நட்டஈடும் சிறைத்தண்டனையும் உண்டு. 1930 என்ற எண் இணையவழிப் பண மோசடிக்கானது. மற்ற இணையக் குற்றங்களுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் செய்ய வேண்டும்.

கூடவே வரும் மோசடி

‘உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் சிவப்பாக ஒன்று தோன்றினால் நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. இப்படி ஏமாற்றும் போலி உதவி மையங்கள் உள்ளிட்ட இணையவழி நிதிக் குற்றங்களுக்கு எதிராக சிபிஐ 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்ற பெயரில் பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி யார் அழைத்தாலும் இணைப்பைத் துண்டியுங்கள்.

சட்டத்தால் பணத்தை வாங்கித் தர முடியும். அழிந்த படத்தைத் திரும்பத் தர முடியாது. வழக்கில் ஜெயிக்க ரசீது வேண்டும். வழக்கே வராமலிருக்க நகல் வேண்டும். இந்த வாரமே ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அதை வேறு கணினியில் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு கணினியைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.