திண்ணையும் பணியிடம்தான்

பண்பொழியைத் தாண்டிக் கடையநல்லூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் போனால், அடுப்படி வேலை ஓய்ந்த நேரத்தில் திண்ணைகளில் பெண்கள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நனைத்து வைத்த இலையை அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடித்து, நூலால் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும்.

இதே தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம், கல்லூரிப் பட்டம் இல்லாத இளைஞர்களுக்கும் பயிற்சி தந்து மென்பொருள் வேலையில் சேர்க்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம் இது. ஆனால், பணியிடச் சமத்துவம் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் அலுவலக வாசலோடு நின்றுவிடுகிறது. நாற்காலியும் வருகைப் பதிவேடும் இல்லாமல் உழைக்கிறவர்களையும் கணக்கில் சேர்த்தால்தான் அது முழுமையாகும்.

வீட்டில் பீடி சுற்றுகிறவர் எங்கள் தொழிலாளியே அல்ல என்று நிறுவனங்கள் வாதாடிய காலம் உண்டு. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அவர்களையும் ஊழியர்களாக ஏற்றது. மங்களூர் கணேஷ் பீடி நிறுவனத்தின் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது. பி.எம். படேல் நிறுவன வழக்கில், வருங்கால வைப்பு நிதியும் அவர்களுக்கு உண்டு என்று 1985-இல் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் கவனித்தது ஒன்றை: சுற்றிக் கொண்டுவந்த பீடியைத் தரமில்லை என்று கழிக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கிறது, அப்படியென்றால் வேலையின் மீதான கட்டுப்பாடும் அதனிடமே இருக்கிறது. பெண்களின் கூலியைக் குறைத்த அதே ‘கழிவு’தான், அவர்கள் தொழிலாளிகள் என்பதற்குச் சான்றாக நின்றது.

ஏட்டில் உரிமை வந்துவிட்டது. கைக்கு வருவதில்தான் சிக்கல். ஒருவர் பெயரில் தொழிலாளிக்கான பாஸ் புத்தகம் இருக்க, இன்னொருவர் சுற்றிக் கொடுப்பது உண்டு. அந்த இன்னொருவருக்கு வைப்பு நிதியும் இல்லை, மகப்பேறு உதவியும் இல்லை. சுற்றிய பீடியை ஒப்படைக்கும் கடையில் ஒருவர் தவறாக நடந்துகொண்டால், 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். இதைத் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை. 1966-ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அடங்கிவிட்டது. பழைய பாதுகாப்புகளில் ஒன்றும் இந்த மாற்றத்தில் நழுவிவிடக் கூடாது.

சுற்றுகிறவர் பெயரிலேயே பாஸ் புத்தகம் வேண்டும். கழிவுக்குக் காரணம் எழுத்தில் வேண்டும். புகையிலைத் தூளைச் சுவாசித்தே வாழ்ந்தவர்களுக்கு ஊருக்குள்ளேயே மருத்துவப் பரிசோதனை வேண்டும். இந்தத் தொழிலை விட்டு வெளியேற விரும்புகிறவருக்கு வேறு தொழில் கற்றுத்தர வேண்டும். பட்டம் கேட்காமல் இளைஞருக்கு வேலை பழக்க இந்த மாவட்டத்தில் முடிந்திருக்கிறது. நாற்பது வயது கடந்த பீடித் தொழிலாளிக்கும் அந்தக் கதவைத் திறக்க முடியும்; திறந்தே ஆக வேண்டும்.